கொப்பியில் உன் கூலியையும் எழுது, மகள்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகளுக்கு,

திருக்கோவில் ஊரில் நீ போட்ட தேசிக்காய்த் தண்ணிக் கடைக்கு நல்ல சனம் வருகிறதென்று மருமகன் சொன்னார். மனம் நிறைந்துபோனது. ஆனால் ஒரு கப் 80 ரூபாய் என்றதும் பேனையை எடுத்துவிட்டேன்.

நீ சொன்ன விலைகளையே வைத்துப் பார். தேசிக்காய் 25, சீனி 8, ஐஸ் 10, கப்பும் ஸ்ட்ரோவும் 12. மொத்தம் 55. மிச்சம் 25 ரூபாயை லாபம் என்கிறாய். இட வாடகை 500, ஐஸ் ஏற்றிவர ஓட்டோ 600, நாளுக்கு 1,100 ரூபாய் போகிறதே? ஒரு ஆள் குடித்தாலும் நூறு ஆள் குடித்தாலும் அது போகும். முதல் 44 கப் அதற்கே சரி. 60 கப் விற்றாலும் உன் கையில் நிற்பது 400தான். விடியத் தொடங்கிப் பொழுதுபடும்வரை நிற்கிற என் பிள்ளைக்கு அது ஒரு கூலியா? வயலில் புல்லுப் பிடுங்கப் போனால்கூட இதைவிடக் கூடக் கிடைக்கும்.

100 ரூபாய் ஆக்கு மகள். அதே 60 கப்புக்கு 1,600 நிற்கும். சனம் குறையும் என்று பயப்படுவாய், தெரியும். 20 பேர் குறைந்தாலும் 700 நிற்கும். சில்லறை தேடும் கரைச்சலும் இல்லை.

முழுவதையும் காலையிலேயே கரைத்து வைக்காதே, நேரம் போனால் கசக்கும். சீனிப்பாகு மட்டும் காய்ச்சி வைத்துக்கொண்டு, ஆள் வந்த பிறகு காயை வெட்டு. மாமி வீட்டு ஆட்களிடம் காசு வாங்க மனம் வராது. சரி, கொடு. ஆனால் அதையும் கணக்குக் கொப்பியில் எழுது.

காய் விலை ஏறுகிற நாட்களில் மோரை முன்னுக்கு வை. எருமைத் தயிரைக் கடைந்து, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, உப்புப் போட்டுக் கொடுத்தால் கச்சான் காற்று வீசுகிற வெக்கைக்கு வேறு என்ன வேண்டும்?

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மட்டும் விலையைக் கூட்டிவிடாதே. விரதத்தோடு தூர இடத்திலிருந்து வருகிற சனம். அன்றைக்குக் கப் கூடப் போகும், வாடகை அதேதான், லாபம் தன்பாட்டில் வரும். ஐஸுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லி வை.

அப்பா வெள்ளிக்கிழமை வருகிறார். தயிர்ச் சட்டி கொடுத்துவிடுகிறேன். கொப்பியை அவரிடம் காட்டு.

அன்புடன்,
அம்மா