அந்த ஐந்துக்கு ஐந்தை நம்பாதீர்கள்: ஹாஸ்பிஸ் தர மதிப்பீட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களுக்கு,

வணக்கம். உங்களில் யாரையும் எனக்குத் தெரியாது. ஆனால் ஹாஸ்பிஸ் பற்றி, அதாவது குணமாகாத நோயாளியின் கடைசி நாட்களில் வலியைக் குறைத்துக் கவனித்துக்கொள்ளும் சேவை பற்றி, நான் நிரப்பிய ஒரு படிவம் உங்கள் மேசைக்கு வந்திருக்கும். அப்பா இறந்து இரண்டரை மாதம் கழித்து அது வீட்டுக்கு வந்தது. “ஒட்டுமொத்தமாக எங்கள் சேவை எப்படி இருந்தது?” என்ற கேள்விக்கு ஐந்துக்கு ஐந்து போட்டேன். “மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா?” என்றதற்குக் கண்டிப்பாக என்று எழுதினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. உறையில் போட்டு ஒட்டி அனுப்பிவிட்டேன்.

அந்த மதிப்பெண்ணைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் அப்படிப் போட்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். படிவத்தைக் கையில் எடுத்ததும் என் கண்முன் வந்தது நிறுவனம் இல்லை, காலையில் வந்துபோன ஒரு சிஸ்டர். அப்பாவுக்கு விழுங்கும் சக்தி போன பிறகு, வறண்டு வெடித்த உதட்டை ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்து, எனக்கும் சொல்லிக்கொடுத்தவர் அவர். “இப்ப தண்ணி புகட்டாதீங்க, புரை ஏறிடும். இப்படி நனைச்சு விடுங்க, நாக்குக்கு அடியிலயும் ஒரு தடவை. அரை மணிக்கொரு தரம் செஞ்சா போதும்.” அவர் பஞ்சைப் பிழிந்த விதம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒரு சொட்டு கழுத்தில் வழியவில்லை. அப்படிப்பட்டவருக்கு நாலு போட எனக்குக் கை வரவில்லை. படிவத்தில் அவருக்கென்று தனியாக ஒரு கட்டமும் இல்லை. அவருக்குப் போட்ட ஐந்து, நிறுவனத்தின் கணக்கில் ஏறிவிட்டது.

இப்போது நான் எழுதாமல் விட்டதைச் சொல்கிறேன்.

ஒரு ராத்திரி 1:40க்கு அப்பாவுக்கு வலி தாங்கவில்லை. கத்தவில்லை, அவர் கத்துகிற ஆள் கிடையாது. போர்வையை முறுக்கிப் பிடித்துக்கொண்டு, கால் விரல்களை மடக்கி மடக்கி விரித்தார். 24 மணி நேர எண் என்று கொடுத்திருந்தார்களே, அதில் கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். எடுத்தவர் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு, “நர்ஸ் உங்களைக் கூப்பிடுவாங்க” என்றார். நர்ஸ் கூப்பிட்டபோது மணி 2:35. அவருக்கு அப்பாவைத் தெரியாது. என்ன நோய், எத்தனை நாளாக, என்ன மருந்து என்று முதலிலிருந்து ஒப்பித்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, “அடுத்த டோஸ் எப்ப?” என்றார். நாலு மணிக்கு என்றேன். “சீட்டுல எக்ஸ்ட்ரா டோஸ் எழுதலையே, நான் சொல்ல முடியாது. நாலு மணி வரைக்கும் கொஞ்சம் பொறுங்க” என்றார். பொறுத்தோம். அம்மா அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அப்பாவின் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அந்த ராத்திரிக்கு அதில் ஒரே வரி: “இரவு அழைப்பு பெறப்பட்டது, ஆலோசனை வழங்கப்பட்டது.” அதில் பொய் ஒன்றும் இல்லை. உங்கள் மதிப்பீட்டுத் தாளில் 24 மணி நேரத் தொலைபேசி வசதி உண்டா என்ற கட்டத்தில் டிக் விழுந்திருக்கும்.

அந்த இரவு நர்ஸ்மேல் எனக்குக் கோபம் இல்லை. சீட்டில் இல்லாததை அவர் எப்படிக் கொடுக்கச் சொல்வார்? குறை அந்தச் சீட்டில்தான். கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் சிரப்பின் வேலை ஏறக்குறைய நான்கு மணி நேரம். அதனால்தான் வலி வரட்டும் என்று காத்திருக்காமல் கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1986லேயே எழுதிவைத்தது. ஆனால் கடிகாரத்தையும் மீறி இடையில் வலி பீறிட்டு வரும். அதற்கென்று ஒரு கூடுதல் டோஸை, பெரும்பாலும் ஒரு நாள் அளவில் ஆறில் ஒரு பங்கை, முன்கூட்டியே சீட்டில் எழுதிவைப்பது இந்தத் துறையில் பாலபாடம். எழுதியிருந்தால் 1:45க்கு நானே கொடுத்திருப்பேன், யாரையும் கூப்பிடவே வேண்டியிருந்திருக்காது. ஒரே ஒரு வரி. அதை எழுதாமல் விட்டதால் எங்களுக்குப் போனது இரண்டு மணி இருபது நிமிடம்.

எனவே என் முதல் வேண்டுகோள் இது. தொலைபேசி வசதி இருக்கிறதா என்று நிறுவனத்தைக் கேட்காதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நீங்களே கூப்பிட்டுப் பாருங்கள். அழைப்புப் பதிவேட்டை எடுத்து, கூப்பிட்ட நேரத்துக்கும் வலி குறைந்த நேரத்துக்கும் நடுவில் எத்தனை நிமிடம் என்று பாருங்கள். எடுத்த நேரம் முக்கியமில்லை, எங்களுக்கு இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். வலி குறைந்த நேரம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை என்றால், அதையே உங்கள் அறிக்கையின் முதல் வரியாக எழுதுங்கள்.

மருந்துச் சீட்டுகளையும் அள்ளிப் பாருங்கள். பத்துச் சீட்டு போதும், நாள் முழுக்க உட்கார வேண்டாம். மார்ஃபின் எழுதிய சீட்டில் கூடுதல் டோஸ் இருக்கிறதா? கூடவே மலமிளக்கி இருக்கிறதா? மார்ஃபின் தொடங்கியதும் வரும் குமட்டல் சில நாளில் பழகிவிடும், மலச்சிக்கல் பழகவே பழகாது. ஐந்து நாள் வயிறு போகாமல் ஒரு மனிதர் படும் பாட்டை எந்தச் சிற்றேடும் சொல்லாது. (அந்தச் சிற்றேடுகளைப் பார்த்திருப்பீர்கள். அநேகமாக எல்லா அட்டையிலும் ஒரே சூரியன் ஒரே கடலில் இறங்கிக்கொண்டிருப்பான்.) மூச்சுத்திணறலுக்கும் பதற்றத்துக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் உரிய மருந்துகளைத் தேவைப்படுவதற்கு முன்பே வீட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்களா? கடைசிக் கட்டத்தில் ராத்திரி மூன்று மணிக்கு மருந்துக் கடை தேடி ஓடும் குடும்பத்துக்குக் கிடைத்தது ஹாஸ்பிஸ் சேவையே இல்லை.

அப்புறம் அந்த எண். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்ற கேள்வி. கேள்வியில் தப்பில்லை, சொல்லக்கூடிய நிலையில் இருப்பவருக்கு அதைவிட நல்ல வழி இல்லை. வார இறுதியில் மாற்றாளாக வந்த ஒருவர் வாசலில் நின்றபடியே, “ஐயா, வலி எவ்ளோ இருக்கு?” என்றார். அப்பா ஒரு கையை லேசாக ஆட்டினார். “பரவாயில்லை” என்று அர்த்தம், அவர் வாழ்நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொன்னார். கோப்பில் 2 என்று விழுந்தது. அவர் பேச்சு நின்றுபோன பிறகு மூன்று நாள் தொடர்ந்து 0. பக்கத்தில் “புகார் ஏதும் இல்லை” என்று அழகான கையெழுத்தில் ஒரு குறிப்பு. பேச முடியாதவர் எப்படிப் புகார் சொல்வார்?

சொல்ல முடியாதவர்களின் வலியைப் பார்க்க வழியே இல்லை என்றும் கிடையாது. மறதி நோய் முற்றியவர்களுக்கென்று 2003இல் ஓர் அளவுகோல் உருவாக்கினார்கள். மூச்சு எப்படி இருக்கிறது, முனகுகிறாரா, முகம் எப்படி, உடம்பு விறைத்திருக்கிறதா, தேற்றினால் தேறுகிறாரா என்று ஐந்து விஷயம் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். அப்பாவின் கால் விரல்கள் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. ஒரு நிறுவனத்தின் கோப்புகளில் பேச்சு நின்ற நாளிலிருந்து வலியும் நின்றுபோனதாக எண்கள் காட்டினால், அங்கே யாரும் உட்காரவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் துறையைத் தொடங்கிவைத்த சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸ், பிறகு மருத்துவ சமூகப் பணியாளர், அதற்கும் பிறகுதான் டாக்டர். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் திறந்தார். உடம்பின் வலி, மனதின் வலி, குடும்பத்தையும் பணத்தையும் பற்றிய கவலை, ஆன்மாவின் தவிப்பு எல்லாம் சேர்ந்ததுதான் முழு வலி என்றார். எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. ஆனால் ஒரு சாயங்காலம் நடந்ததை மட்டும் சொல்கிறேன். அப்பா இரண்டு நாளாகத் தூங்காமல் புரண்டுகொண்டிருந்தார். நம் சிஸ்டர்தான், “ஐயா, உங்களுக்கு எது உறுத்துது?” என்று கேட்டார். ரொம்ப நேரம் கழித்து, தான் போன பிறகு அம்மா வங்கிக் கணக்கை எப்படிப் பார்ப்பாள் என்றார் அப்பா. அவ்வளவுதான். அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு நோட்டில் எல்லாவற்றையும் அவர் சொல்லச் சொல்ல எழுதினோம். அன்று ராத்திரி அசந்து தூங்கினார். மருந்தா, நோட்டா, எது வேலை செய்தது என்று எனக்குத் தெரியாது. சிஸ்டர் அன்று செலவிட்ட ஒரு மணி நேரம் கோப்பில் “வழக்கமான வருகை” என்றே இருக்கிறது.

கடைசி நாட்களைப் பற்றியும் அவர்தான் முன்னாலேயே சொல்லிவைத்தார். கை கால் சில்லிடும், தோலில் திட்டுத்திட்டாக நிறம் மாறும், மூச்சு நடுநடுவே நின்று மறுபடி வரும், தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும். “கேக்க நமக்குத்தான் கஷ்டமா இருக்கும், அப்பாவுக்கு அது தெரியாது” என்றார். அதனால் அந்த நேரத்தில் நாங்கள் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. சொல்லிவைக்காத வீடுகளில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இதை ஒவ்வொரு குடும்பத்துக்கும் யார், எப்போது, எந்த வார்த்தையில் சொன்னார்கள் என்று கேட்டாலே பாதி மதிப்பீடு முடிந்துவிடும்.

பட்டியல் நீளமாக இருந்தால் தரம் வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு பிரிட்டனில் நடந்ததை நினைவூட்ட வேண்டும். ஹாஸ்பிஸில் நடந்த நல்ல கவனிப்பைப் பொது மருத்துவமனைகளுக்கும் கொண்டுபோகும் நல்ல எண்ணத்தில் 1990களின் பிற்பகுதியில் எழுதியதுதான் லிவர்பூல் வழிமுறை என்ற, கடைசி நாட்களின் கவனிப்புக்கான பட்டியல். ஒழுங்காகப் பின்பற்றிய இடங்களில் பலருக்கு அமைதியான சாவு கிடைத்தது. வேறு இடங்களில் அது டிக் போடும் தாளாகிவிட்டது. குடும்பத்திடம் சொல்லாமலே நோயாளியை அதில் போட்டார்கள், தண்ணீர் கேட்டவருக்குக் கொடுக்கவில்லை என்றெல்லாம் புகார் வந்தது. அந்த வழிமுறையைப் பயன்படுத்தியதற்கு மருத்துவமனைகளுக்கு ஊக்கத்தொகை வேறு. ஜூலியா நியூபர்கர் தலைமையிலான குழு 2013இல் விசாரித்து, அதைக் கைவிடச் சொன்னது. கைவிட்டார்கள்.

படிவமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேள்வியை மாற்றுங்கள் என்கிறேன். திருப்தியா என்று கேட்டால், ஆளை இழந்து நிற்கிறவர்கள் நன்றிதான் சொல்வார்கள். வேறு இடத்தில் இருந்திருந்தால் இன்னும் நன்றாகப் பார்த்திருப்பார்களோ என்று யோசிப்பதே எங்களுக்குப் பயம். என்ன நடந்தது என்று கேளுங்கள். அமெரிக்காவில் இறந்தவரின் குடும்பத்துக்கு அனுப்பும் கணக்கெடுப்பில், மாலையிலும் வார இறுதியிலும் விடுமுறை நாளிலும் தேவைப்பட்ட உதவி எத்தனை தடவை கிடைத்தது என்று ஒரு கேள்வி இருக்கிறது. எப்போதும், பெரும்பாலும், சில சமயம், ஒருபோதும் இல்லை என்று விடைகள். அந்தக் கேள்வி எனக்கு வந்திருந்தால் என்னால் “எப்போதும்” என்று எழுதியிருக்க முடியாது. கடைசி மூன்று நாளில் குறைந்தது இரண்டு நாளாவது நர்ஸோ சமூகப் பணியாளரோ நேரில் வந்தார்களா என்றும் அங்கே கணக்கெடுக்கிறார்கள். வந்து என்ன செய்தார்கள் என்பது அதில் தெரியாதுதான். ஆனால் பார்க்க வேண்டிய நாட்களைப் பார்க்கிறார்கள்.

இன்னொன்று, படிவம் யாருக்கு வருகிறது? சாவு வரை கூட இருந்த எங்களுக்கு வந்தது. பாதியில் கோபித்துக்கொண்டு விலகிப்போன குடும்பங்களுக்கும், ராத்திரியில் பயந்து மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்கும் வருகிறதா? உங்களுக்கு அதிகம் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். வேலையை விட்டுப்போன நர்ஸுகளையும் கேளுங்கள், ஒருவருக்கு எத்தனை நோயாளிகள் என்று அவர்கள் மறைக்காமல் சொல்வார்கள்.

அப்பா போன நான்காம் நாள் நிறுவனத்திலிருந்து ஒரு அழைப்பு வந்தது. வாடகைக் கட்டிலை எப்போது வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். அம்மாவுக்கான துக்க ஆதரவு என்று பிறகு தபாலில் ஒரு துண்டுப் பிரசுரம் வந்தது. அதன் அட்டையிலும் அதே சூரியன். அதற்குப் பிறகு அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டது சிஸ்டர் மட்டும்தான், அதுவும் தன் சொந்த போனிலிருந்து.

என் பழைய படிவத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். புதிதாக ஒன்று அனுப்புங்கள், இந்த முறை நிதானமாக நிரப்பித் தருகிறேன். சிஸ்டருக்குத் தனியாக ஒரு கட்டம் வையுங்கள், அதில் இப்போதும் ஐந்துதான் போடுவேன். 1:40க்கும் நாலு மணிக்கும் நடுவில் ஒரு கட்டம் வையுங்கள்.

இப்படிக்கு,
ஐந்துக்கு ஐந்து போட்ட ஒரு மகள்