பிளக்-இன் ஹைபிரிட் கார் தயாரிப்பாளர்களுக்கு: சார்ஜ் இருக்கும்போது இன்ஜின் ஏன் கிளம்ப வேண்டும்?

கார் நிறுவனங்களின் வடிவமைப்புப் பிரிவினருக்கு வணக்கம்.

ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையை நீங்கள் படித்திருப்பீர்கள். 2021-இல் பதிவான கார்கள் தாமே பதிந்துவைத்த எரிபொருள் கணக்கு அது. பெட்ரோல், டீசல் கார்கள் சோதனை அளவைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாகக் கரியமில வாயுவை வெளியிட்டன. இன்ஜினோடு, வெளியிலிருந்து சார்ஜ் ஏற்றும் பேட்டரியும் மின்மோட்டாரும் கொண்ட பிளக்-இன் ஹைபிரிட்கள் வெளியிட்டது, அவற்றின் சோதனை அளவைப்போல் 3.5 மடங்கு. 'வாங்கியவர்கள் சார்ஜ் போடுவதில்லை' என்கிறீர்கள். பாதி உண்மை. மீதிப் பாதி உங்கள் வடிவமைப்பில் இருக்கிறது.

முதல் குறை, மோட்டார். இரண்டு டன் காருக்கு 60 கிலோவாட் மோட்டார் வைத்தால், நெடுஞ்சாலையில் ஏறும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் இன்ஜின் துணைக்கு வந்தே தீரும். அதுவும் குளிர்ந்த நிலையிலிருந்து நேராக முழுச் சுமைக்கு. புகையைச் சுத்திகரிக்கும் கேடலிடிக் கன்வர்ட்டர் சில நூறு டிகிரி சூடானால்தான் வேலை செய்யும். அதுவரை நச்சுப்புகை அப்படியே வெளியேறும். இரண்டு நிமிடத்தில் இன்ஜின் அணைந்துவிடும். ஆயில் சூடேறாததால் அதில் இறங்கிய பெட்ரோலும் ஈரமும் ஆவியாகாது. இப்படியே பல மாதம் ஓடினால் ஆயில் நீர்த்துப்போய் பேரிங் தேயும். கிலோமீட்டரை மட்டும் பார்த்து ஆயில் மாற்றச் சொல்லும் அட்டவணை இங்கே உதவாது.

இது தீராத சிக்கல் அல்ல. 2010-இல் வந்த செவ்ரோலே வோல்ட் 111 கிலோவாட் மோட்டாரோடு, கடுங்குளிர் போன்ற சில தருணங்கள் தவிர, சார்ஜ் தீரும்வரை எந்த வேகத்திலும் மின்சாரத்தில்தான் ஓடியது. பெட்ரோல் ஆவியாகித் தப்பாதபடி மூடிய அழுத்தத் தொட்டி, தேங்கிய பெட்ரோல் ஓராண்டு பழையதானால் தானே எரித்துத் தீர்க்கும் ஏற்பாடு என்று எல்லாம் அதில் இருந்தன. அப்போதே முடிந்தது இப்போது முடியாதா?

ஹீட்டரைப் போட்டாலே இன்ஜின் உறுமும் கார்களும் உண்டு. வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே இழுத்துத் தரும் ஹீட் பம்ப் வையுங்கள். குறைந்தது மின் ஹீட்டராவது.

பேட்டரிக்கு வருவோம். ஒரு சார்ஜில் 60 கிலோமீட்டர் ஓடும் கார், மின்சாரத்தில் 1,50,000 கிலோமீட்டர் கடக்க 2,500 முறை முழுதாக நிரம்பிக் காலியாக வேண்டும். 400 கிலோமீட்டர் ஓடும் மின்காருக்கு 375 முறை போதும். போதாக்குறைக்கு, 12 கிலோவாட்-மணி பேட்டரியிலிருந்து 90 கிலோவாட் இழுப்பது, அதை ஒரு மணி நேரத்தில் காலியாக்கும் வேகத்தைப்போல் ஏழரை மடங்கு. மின்காருக்கான செல்லையே இதில் அடைத்தால் சூடேறிச் சீக்கிரம் தளரும். உயர்திறன் செல், திரவக் குளிரூட்டல், பேட்டரி முழுதாக நிரம்பாமலும் முழுதாகக் காலியாகாமலும் மேலும் கீழும் தொடாமல் விடும் இருப்பு மூன்றும் வேண்டும். விற்பனைத் தாளில் பெரிய எண் காட்ட அந்த இருப்பைக் கரைக்காதீர்கள்.

18 கிலோவாட்-மணி பேட்டரிக்கு 3.6 கிலோவாட் சார்ஜர் கொடுத்தால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். 7.4 கிலோவாட் என்றால் மூன்று மணிக்குள் முடியும். பகலில் இன்னொரு முறை போடவும் மனம் வரும்.

ஐரோப்பிய விதியும் இறுகிவிட்டது. ஓட்டத்தில் மின்சாரத்தின் பங்கைக் கணிக்கும் சூத்திரத்தில் ஓர் அளவு உண்டு; அது கூடக்கூட மின்சாரப் பங்கு குறைவாகக் கணக்காகும். 800 கிலோமீட்டராக இருந்த அந்த அளவு, புதிய ரகங்களுக்கு 2025-இல் 2,200 ஆனது. அடுத்த படி 4,260. அதே காருக்குக் காகிதத்தில் காட்டும் கரியமில வாயுக் கணக்கே கூடும். அதற்காக பேட்டரியை மட்டும் பெரிதாக்கி, மோட்டாரைப் பழையபடி விட்டுவிடாதீர்கள். விளம்பரத்தில் மைலேஜ் போடும் இடத்தில், சார்ஜ் தீர்ந்த பிறகு 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்பதையும் அதே எழுத்தளவில் அச்சிடுங்கள்.