மகளுக்கு, கிளிநொச்சியிலிருந்து

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய ஆய்வுச் சுருக்கத்தை அச்செடுத்து, பென்சிலும் கையுமாக வாசித்து முடித்தேன். ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியனுக்கு வேறென்ன வேலை? உயர்தர வகுப்பில் நாங்கள் படிப்பித்தது, ஒரு நொதியம் டி.என்.ஏ. இழைகளைப் பிரிக்கும், இன்னொன்று பிரதி எடுக்கும் என்பதோடு முடிந்துவிடும். பிரதி எடுப்பதைவிட, அதே இடத்தை இரண்டாம் தடவை எடுக்காமல் விடுவதுதான் பெரிய வித்தை என்று இப்போது நினைக்கிறேன்.

நீ ஆராயும் மதுவத்தின் (ஈஸ்ட்) 16 நிறமூர்த்தங்களிலும் மொத்தமாக, பிரதி எடுப்புத் தொடங்கும் இடங்கள் நூற்றுக்கணக்கில். 6 புரதங்கள் சேர்ந்த ஓ.ஆர்.சி. என்ற கூட்டம் அங்கே உட்கார்ந்து, சி.டி.சி.6, சி.டி.ரி.1 என்ற புரதங்களின் துணையோடு, இழை பிரிக்கும் எம்.சி.எம். வளையங்களைச் சோடி சோடியாக டி.என்.ஏ.யில் ஏற்றிவிடுகிறது. ஏறிய வளையம் சும்மா கிடக்கும். பிறகு சி.டி.கே., டி.டி.கே. என்ற நொதியங்கள் தூண்ட, சி.டி.சி.45, ஜின்ஸ் என்ற துணைப் புரதங்களும் வந்து ஒட்டினால்தான் இழை பிரியும். அதே சி.டி.கே.தான் புது வளையம் ஏறுவதையும் மறித்துவிடுகிறது.

இரணைமடுக் குளத்தில் சிறுபோகத்துக்கு யார் யார் எத்தனை ஏக்கர் என்று கூட்டத்தில் தீர்த்த பிறகுதானே தண்ணீர் விடத் துருசு திறப்பார்கள், அந்த ஒழுங்குதான். ஆனால் கலத்துக்குள், திறந்த பிறகு ஆள் பிடித்துப் பெயர் சேர்க்க முடியாது போலிருக்கிறது.

உன் புரதம் கட்டிபட்டுப் போகிறதென்று அம்மாவிடம் அழுதாயாம். ஓ.ஆர்.சி.யைக் கண்டுபிடித்தது 1992இல். சுத்திகரித்த மதுவப் புரதங்களை மட்டும் கலந்து, சோதனைக்குழாயில் பிரதி எடுப்பைத் தொடக்கிக் காட்டியது 2015இல். 23 வருடம்! நீ போய் இன்னும் ஒரு மாரி முடியவில்லை.

மதுவத்தைப் படித்து என்ன பயன் என்று தம்பி கேட்டான். நம் கலங்களிலும் இதே கூட்டம்தான் வேலை செய்கிறது, ஓ.ஆர்.சி.1 மரபணு பழுதானால் குழந்தை வளர்ச்சி குன்றிச் சிறுத்துப் பிறக்கும் என்றேன். வாயடைத்துப் போனான்.

நேற்று அம்மா அப்பத்துக்குக் கள்ளு விட்டுக் கரைத்த மா, விடியும்போது மூடியைத் தள்ளிக்கொண்டு சட்டிக்கு வெளியே வழிந்து கிடந்தது. நல்ல தீனி கிடைத்தால் மதுவம் ஒன்றரை மணித்தியாலத்தில் இரண்டாகுமே! அம்மா ஏசிக்கொண்டு துடைத்தாள்; நான் பக்கத்தில் நின்று ஓ.ஆர்.சி. பற்றி விளக்கியதற்கும் சேர்த்து ஏச்சு விழுந்தது.

ஒரு சந்தேகம். ஏறிய வளையங்கள் எல்லாம் வேலை தொடங்குவதில்லை என்று எழுதியிருக்கிறாய். தொடங்காதவற்றை எது கழற்றுகிறது? ஞாயிற்றுக்கிழமை அழைக்கும்போது சொல். வீடியோவில் வா. அம்மாவுக்கு உன் முகம் பார்க்க வேண்டும், எனக்கு உன் சோதனையின் ஜெல் படம்.

அன்புடன்,
அப்பா