ஊர் வீட்டுப் பங்கும் உன் வீட்டுக் கடனும்

அன்புள்ள தம்பிக்கு,

ஊர் வீட்டை விற்றதில் உன் பங்காக வந்த 8 லட்சத்தைக் கடனில் கட்டுவதா, சேமிப்பில் போடுவதா என்று கேட்டிருந்தாய். அக்கா நான் தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே ‘சரி ஆச்சி’ என்று வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய கடன் கணக்கின் முதல் வரியைப் பார். 30 லட்சம் கடன், 20 ஆண்டு, 8.5 சதவீதம், மாதத் தவணை 26,035 ரூபாய். அதில் வட்டிக்குப் போனது 21,250. அசலில் கழிந்தது வெறும் 4,785. வட்டி மாறவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், இதுவரை ஐந்தாண்டில் ஏறத்தாழ 15.6 லட்சம் கட்டிய பிறகும் இன்று அசல் 26.4 லட்சம் நிற்கும். இப்போது உன் 8 லட்சத்தில் 5 லட்சத்தை அசலில் கட்டி, தவணைத் தொகையை அப்படியே விட்டால், மீதமுள்ள 180 மாதம் 124 மாதமாகச் சுருங்கும். வட்டியில் ஒன்பதரை லட்சத்துக்குமேல் மிஞ்சும்.

பர்மாவில் இரங்கூனுக்குக் கொண்டுவிற்கப் போன நம் நகரத்தார்கள் கோயிலில் கூடி, அவ்வப்போது மாறும் நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள். உன் கடனும் ஒருவகையில் நடப்பு வட்டிதான்: 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை, ரெப்போ ஏறினால் உன் வட்டியும் ஏறும்.

எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது? வைப்புநிதியில் 7 சதவீதம் கிடைத்தாலும், 20 சதவீத வரி போக 5.6 தான் கையில் நிற்கும். பழைய வரிமுறையில் இருந்தால், குடியிருக்கும் வீட்டுக்கான வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை வரிக்கான வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம், கடனின் பாரமும் அந்த அளவுக்குக் குறையும். நீயோ புதிய முறைக்கு மாறிவிட்டாய், அதனால் அந்தக் கழிவு உனக்கு இல்லை. பங்குச் சந்தை நிதிகள் நீண்ட காலத்தில் கூடுதலாகத் தரலாம், தராமலும் போகலாம். கடனை அடைப்பதில் மிஞ்சும் வட்டியோ நிச்சயமானது.

ஆனாலும் 8 லட்சத்தையும் கட்டிவிடாதே. தவணையும் சேர்த்து உன் வீட்டுச் செலவு மாதம் 50,000 என்றாய். ஆறு மாதத்துக்கான 3 லட்சத்தை முதலில் ஒதுக்கி வை. தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் கிடையாது, வங்கி மறுக்காமல் வாங்கிக்கொள்ளும். ஆனால் நாளைக்கு உனக்கு வேலை போனால் அந்தப் பணத்தைத் திருப்பித் தராது. ஓவர்டிராஃப்ட் வசதியுள்ள வீட்டுக் கடனாக மாற்ற முடியுமா என்றும் கேட்டுப் பார், அதில் போட்ட பணத்தை வேண்டும்போது எடுக்கலாம். வட்டி சற்றுக் கூடுதலாக இருந்தால் கணக்குப் போட்டு முடிவு செய்.

மிச்சம் 5 லட்சத்தைக் கட்டும்போது, ‘தவணைத் தொகை மாற வேண்டாம், காலத்தைக் குறைக்கவும்’ என்று எழுதிக் கொடுத்து, புதிய தவணைப் பட்டியலைக் கையோடு வாங்கிக்கொள். நான் என் கடனில் 2 லட்சம் கட்டியபோது, கேட்காமலே தவணையைக் குறைத்து, காலத்தை அப்படியே விட்டுவிட்டார்கள்; பதினான்கு மாதம் கழித்துத்தான் கவனித்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆத்தா இந்தப் பணத்தில் நகை வாங்கச் சொல்வார்கள். அவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஆச்சி
காரைக்குடி