நாற்காலி கிடைத்தது, கதை கிடைக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இத்தாலிய இயக்குநர் எத்தோரே ஸ்கோலாவின் ‘லா சேனா’ (இரவுச் சாப்பாடு, 1998) படத்தைப் பற்றி உங்கள் சினிமாப் பக்கத்தில் வந்த கட்டுரையை வாசித்தேன். ரோம் நகரத்து உணவகமொன்றில் ஒரே இரவில் சாப்பிட வந்தவர்களின் கதை அது. இத்தாலியச் சமூகம் முழுவதும் அந்த மேசைகளில் இருக்கிறது என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த படம்தான். தனியே வந்திருந்து மற்ற மேசைகளைக் கவனிக்கும் கிழவராக விட்டோரியோ கஸ்மான், மாணவியோடு உறவில் சிக்கிய பேராசிரியராக ஜான்கார்லோ ஜன்னீனி, மகள் கன்னியாஸ்திரி ஆகப்போகிறேன் என்றதும் தடுமாறும் தாயாக ஸ்தெபானியா சந்த்ரெல்லி. வயது, வசதி, ஆண் பெண் என்று பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. வெளிநாட்டவர்? ஒரு யப்பானியக் குடும்பம் இருக்கிறது. பிள்ளை வீடியோ கேமில் மூழ்கியிருக்கிறது. மற்ற மேசைகளுக்குக் கிடைத்த சண்டையும் இரகசியமும் கண்ணீரும் அந்த மேசைக்குக் கிடைக்கவில்லை.

அந்தக் காலத்து இத்தாலி வேறு மாதிரி இருந்தது. 1989 ஆகஸ்டில் தெற்கு இத்தாலியின் வில்லா லித்தேர்னோவில், தக்காளி பிடுங்கிப் பிழைத்த தென்னாபிரிக்க அகதி ஜெர்ரி மாஸ்லோ கொல்லப்பட்டார். அந்த ஒக்டோபரில் ரோமில் இனவெறிக்கு எதிராகப் பெரிய ஊர்வலமே நடந்தது. 1991இல் விளோரா கப்பல் ஏறத்தாழ 20,000 அல்பேனியரோடு பாரித் துறைமுகத்துக்கு வந்தது. படம் வெளியான 1998இல்தான் புதிய குடிவரவுச் சட்டமும் வந்தது. ஸ்கோலாவோ தெற்கே திரேவிகோ ஊரில் பிறந்தவர். அந்த ஊரிலிருந்து வடக்கே தூரினோவின் பியட் கார் ஆலைக்கு வேலை தேடிப் போகும் இளைஞனின் கதையை 1973இலேயே படமாக எடுத்தவர். ஊர்விட்டு வந்தவனின் மனம் அவருக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் அவரிடம் கூடுதலாக எதிர்பார்க்கிறேன்.

நான் சிசிலித் தீவின் பலெர்மோவில் உணவகக் குசினியில் பல வருடம் கோப்பை கழுவியவள். சாப்பிட வருபவர்களின் முகத்தை அநேகமாகக் கண்டதில்லை. ஆனால் கோப்பைகள் திரும்பி வரும் விதத்திலேயே மேசையில் நடந்தது தெரிந்துவிடும். ஒன்றில் துடைத்துச் சாப்பிட்ட அடையாளம், பக்கத்துக் கோப்பையில் முள்ளுக்கரண்டிகூடப் படாமல் ஆறி இறுகிப்போன ஸ்பகெத்தி: அந்த இரண்டு பேருக்கும் இடையில் ஏதோ நடந்திருக்கிறது. பிள்ளைகள் பாணின் நடுவை மட்டும் பிய்த்துத் தின்றுவிட்டு ஓரத்தைக் கிளாசுக்குள் போட்டு வைத்திருப்பார்கள். கஸ்மானின் கிழவரைப் போல நாங்களும் எல்லாரையும் கவனித்தோம். அந்தப் பார்வையிலிருந்து ஒரு படம் தொடங்கினால் எவ்வளவு கதை வரும்!

இப்போது இங்குள்ள பல்லரோ சந்தைப் பக்கம் போனால் எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் சிசிலிக்காரரின் பேச்சிலேயே பேரம் பேசுவதைக் கேட்கலாம். உணவகத்தில் ஓர்டர் எடுப்பவர்களும் இருக்கிறார்கள், குடும்பத்தோடு போய்ச் சாப்பிடுபவர்களும் இருக்கிறார்கள். காதலும் கடனும் அப்பாவோடு கோபமும் அவர்களுக்கும் உண்டு. பூ விற்றுக்கொண்டு ஒரு நொடி திரையில் வந்து போகும் முகமாக மட்டும் அவர்களைக் காட்டுவது போதாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இப்படியான படங்களைப் பற்றி எழுதும்போது, எத்தனை நாட்டு முகங்கள் தெரிகின்றன என்பதோடு, எவருக்கு வசனம் இருக்கிறது, எவருக்குப் பெயர்கூட இல்லை என்பதையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பலெர்மோ, இத்தாலி