விடுதி மூடப்பட்டால் விலாசம் தானாக மாறாது

ஆசிரியருக்கு,

பிரித்தானியாவில் தஞ்சம் கோரியோரைத் தங்கவைத்திருக்கும் ஹோட்டல்களை 2029க்குள் கைவிடப்போவதாக அரசு அறிவித்திருக்கிறது. ஒரு விடுதி மூடப்படுகிறது என்றதும் நம்மவர்கள் கேட்கும் முதற்கேள்வி, "எந்த ஊருக்கு அனுப்புவார்கள்?" என்பதே. 1999ஆம் ஆண்டுக் குடிவரவு, தஞ்சச் சட்டத்தின் 95ஆம் பிரிவின் கீழ் தங்குமிடம் பெறுபவருக்கு உள்துறை அமைச்சான ஹோம் ஒஃபிஸ் மாற்றிடம் தருவது வழமை. ஊரைத் தெரிவு செய்யும் உரிமை மட்டும் நமக்கில்லை. ஆனால் இடமாற்றத்தில் தஞ்சக் கேஸ் பழுதாவது ஊரால் அல்ல, கடிதத்தால்.

"மாற்றியதே அவர்கள்தானே, புது விலாசம் தெரியாதா?" என்று நம்பி இருந்துவிடுகிறார்கள். தங்குமிடத்தைப் பார்க்கும் பிரிவு வேறு, கேஸைப் பார்க்கும் பிரிவு வேறு. நேர்காணல் அழைப்பு மூடிய கட்டடத்துக்குப் போனால் அதை வாங்க அங்கே ஆளில்லை. காரணம் சொல்லாமல் நேர்காணலைத் தவறவிட்டால், கோரிக்கையையே கைவிட்டதாகக் கருத விதிகளில் இடமுண்டு. நிராகரிப்புக் கடிதமாக இருந்தால் மேன்முறையீட்டுக்கு 14 நாட்கள்தான். ஆகவே போய் இறங்கிய அன்றே புது விலாசத்தை, போஸ்ட்கோட்டும் ஹோம் ஒஃபிஸ் இலக்கமும் சேர்த்து, சொலிசிட்டருக்கும் கேஸ் பிரிவுக்கும் கையெழுத்திடப் போகும் நிலையத்துக்கும் எழுத்தில் அனுப்புங்கள். மேன்முறையீடு நடந்துகொண்டிருந்தால் நீதிமன்றத்துக்கும் அனுப்ப வேண்டும். பிரதி கையில் இருக்கட்டும். தூரம் என்பதற்காக அரச செலவில் வாதாடும் லீகல் எய்ட் சொலிசிட்டரை விட்டுவிடாதீர்கள். புது ஊரில் இன்னொருவர் கிடைப்பது எளிதல்ல.

அடுத்தது, அனுப்பும் வாகனத்தில் ஏறாமல் உறவினர் வீட்டுக்குப் போய்விடுவது. தக்க காரணமின்றிப் போக மறுத்தால் உதவியையே நிறுத்தலாம். குடிவரவுப் பிணையின் நிபந்தனையில் விலாசம் குறிக்கப்பட்டிருந்தால் அதுவும் சிக்கலாகும். உறவினரோடுதான் இருக்கப்போகிறீர்கள் என்றால் தங்குமிடம் இல்லாமல் செலவுப் பணம் மட்டும் பெற வழியுண்டு, ஆனால் முன்கூட்டியே கேட்க வேண்டும். உதவி நிறுத்தப்பட்டதாகக் கடிதம் வந்தால் மேன்முறையீட்டுக்கு 3 நாட்களே உள்ளன.

நியாயமான ஆட்சேபம் இருந்தால் திகதிக்கு முன்பே, சான்றோடு சொல்ல வேண்டும். ஜிசிஎஸ்இ, ஏ லெவல் என்னும் பள்ளிப் பொதுப் பரீட்சைகளின் இறுதியாண்டில் படிக்கும் பிள்ளை, பிரசவம் நெருங்கிய தாய், டயாலிசிஸ் செய்பவர், சித்திரவதைக்குப் பின்னான உளச்சிகிச்சை பெறுபவர் ஆகியோரின் நிலையைக் கவனத்தில் எடுக்க ஹோம் ஒஃபிஸின் கொள்கையிலேயே இடமிருக்கிறது. "நோயாளி" என்று மட்டும் சொல்லும் ஜீபி (குடும்ப வைத்தியர்) கடிதம் பயன்படாது. என்ன சிகிச்சை, எத்தனை நாளுக்கொருமுறை, இடையில் நின்றால் என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். தனியாக வந்த ஆண்களை எசெக்ஸிலுள்ள வெதர்ஸ்ஃபீல்ட் போன்ற பழைய படைமுகாமுக்கு அனுப்பக்கூடும். ஒருவரை அங்கே தங்கவைக்கலாமா என்று பார்க்கும்போது, அவர் சித்திரவதைக்கு உள்ளானவர் என்பதும் கவனத்தில் எடுக்கப்பட வேண்டியது. வெட்கத்தினாலோ பயத்தினாலோ அதைச் சொல்லாமல் இருப்பவர்கள் நம்மில் அதிகம். தயவுசெய்து சொல்லுங்கள்.

செலவுப் பணம், 2025 நிலவரப்படி, சாப்பாடு தரும் விடுதியில் ஒருவருக்கு வாரம் 9.95 பவுண்தான். சமைத்துச் சாப்பிடும் வீட்டுக்குப் போனால் 49.18 பவுண். இந்தப் பணம் வரும் ஆஸ்பென் கார்டில் இந்த மாற்றம் வரப் பிந்தினால் முதல் வாரமே, தஞ்சம் கோருவோருக்கு உதவும் மைகிரன்ட் ஹெல்ப் என்ற தொண்டு நிறுவனத்துக்கு 0808 8010 503 என்ற இலவச எண்ணில் அறிவியுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். பேசிய நேரத்தையும் அவர்கள் தரும் இலக்கத்தையும் குறித்து வையுங்கள்.

புறப்படுமுன் மாத்திரைகளை அடுத்த சில வாரங்களுக்கும் சேர்த்து எழுதி வாங்குங்கள். புது ஜீபியில் பதிய விலாச அத்தாட்சியோ விசாவோ தேவையில்லை. கேட்டு மறுத்தால் அது விதிக்குப் புறம்பு. பிள்ளைகளின் பள்ளிக்குப் புதிய கவுன்சிலில் உடனே விண்ணப்பியுங்கள், தவணை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பொதுவாக ஒருவருக்கு இரண்டு பைகள்தான் ஏற்றுவார்கள். கேஸ் பத்திரங்களும் மருந்தும் மடியில் வைத்திருக்கும் பையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தஞ்சம் கோருவோருக்கு உதவிவரும் தொண்டர்கள்,
லண்டன்.