தம்பிக்கு: பிசினும் காவியும்

திருப்பரங்குன்றம்

அன்புள்ள தம்பி,

ஓசூர் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுக்கப் போகிறாய் என்று கேட்டு ரொம்பச் சந்தோஷம். கலர் டப்பா எத்தனை வாங்கட்டும் என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு ஒன்றும் வாங்காதே. டப்பா தீர்ந்ததும், வீட்டில் வாங்கித்தர வழியில்லாத பிள்ளைதான் முதலில் வராமல் நின்றுபோகும். வண்ணம் செய்வதிலிருந்தே வகுப்பை ஆரம்பி.

முதலில் பிசின், நிறப்பொடியைத் தாளில் ஒட்டவைப்பது அதுதான். நாட்டு மருந்துக் கடையில் வெறுமனே பிசின் என்று கேட்டால் பாதாம் பிசினை எடுத்துத் தந்துவிடுவார்கள். அது ஜிகர்தண்டாவுக்குப் போடுவது. தண்ணீரில் ஊறி உப்புமே தவிரக் கரையாது. கருவேலம் பிசின் என்று பெயர் சொல்லிக் கேள். வெளுத்த கட்டிகளாகப் பொறுக்கி எடு, கருத்த கட்டி மஞ்சளையும் வெள்ளையையும் அழுக்காக்கும். 100 கிராமை இடித்து 200 மில்லி வெந்நீரில் போட்டு இரவு முழுக்க மூடி வை. அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவிடாதே, பிடிப்புக் குறையும். காலையில் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, இரண்டு மேசைக்கரண்டி தேனும் பத்துச் சொட்டுக் கிராம்புத் தைலமும் சேர். தேன் இல்லாவிட்டால் வண்ணம் காய்ந்ததும் வெடிக்கும், தைலம் இல்லாவிட்டால் பூசணம் பிடிக்கும். இங்கே சித்திரை வெயிலுக்கு இந்தத் தேன் பற்றாது. ஐப்பசி மழையில் இதே அளவு விரலில் பிசுபிசுக்கும். ஓசூர் குளிர்ந்த ஊர், ஒன்றரைக் கரண்டியில் ஆரம்பித்துப் பார்.

அடுத்தது நிறம். ஒரு படிச் செம்மண்ணைச் சலித்து வாளித் தண்ணீரில் நன்றாகக் கலக்கி ஒரு நிமிஷம் விடு. மணல் அடியில் போய்விடும். கலங்கிய நீரை மட்டும் அடுத்த வாளிக்கு மாற்று. மறுநாள் தெளிந்த நீரை இறுத்துவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றி மறுபடி கலக்கித் தெளிய விடு. மூன்று தண்ணீர் மாற்றினால்தான் மண்ணிலுள்ள உப்புப் போகும். இல்லையென்றால் காய்ந்த படத்தின் மேல் வெள்ளையாகப் பூத்து வரும். அடியில் தங்கும் மண்டியைத் தட்டில் ஊற்றிக் காயவை.

மஞ்சள் காவி மண் கிடைத்தால் பிள்ளைகளைச் சுற்றி நிற்கவைத்து, சமையலுக்கு எடுக்காத இரும்புச் சட்டியில் நீயே வறுத்துக் காட்டு. முதலில் ஆவி போகும். பிறகு ஓரத்தில் ஆரஞ்சு ஏறும், கிளறக் கிளறச் சட்டி முழுக்கப் பரவும். சூட்டில் கருஞ்சிவப்பாகத் தெரிந்து, ஆற ஆறச் செங்கல் சிவப்பாகத் தெளியும். இரும்புச் சத்தோடு கட்டிக்கிடந்த நீர் சூட்டில் வெளியேறுவதால் வரும் மாற்றம் அது. ஒரே மண்ணில் இரண்டு நிறம். புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசலில், 9-ஆம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அங்குள்ள குடைவரைக் கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. அங்கே ஓவியத்தில் இருக்கும் மஞ்சளும் சிவப்பும் இதே காவிதான். சமையல் மஞ்சளிலும் பீட்ரூட்டிலும் வரைந்தால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுத்துவிடும். அதைப் பிள்ளைகளிடம் முன்னாடியே சொல்லிவிடு.

நீலத்துக்கு, வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் கலக்கும் நீலப்பொடி போதும். புளி, எலுமிச்சை எதுவும் அதன்மேல் படக்கூடாது, நிறம் செத்துப்போகும். வெள்ளைக்குச் சுண்ணாம்பு எடுக்காதே, கையையும் கண்ணையும் புண்ணாக்கும். தஞ்சாவூர் படம் செய்கிறவர்கள் வாங்கும் சுக்கான் மாவு, அதாவது சுக்கான் கல்லின் பொடி, நல்லது. ஈரத்தில் மங்கலாகத் தெரியும், காய்ந்தால்தான் வெளுக்கும். பிள்ளைகள் அவசரப்பட்டு மேலே மேலே பூசுவார்கள், பார்த்துக்கொள்.

ஒன்றை மட்டும் மறக்காதே. அதே மருந்துக் கடையில் சாதிலிங்கம் என்ற சிவப்பும் அரிதாரம் என்ற மஞ்சளும் கிடைக்கும். பழைய ஓவியர்கள் எடுத்ததுதான் என்று யாராவது சொல்வார்கள். சாதிலிங்கத்தில் பாதரசம், அரிதாரத்தில் ஆர்சனிக். செந்தூரத்தில் ஈயம் இருக்கலாம். மைதாப் பசை புளிக்காமல் இருக்கப் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் போடும் மயில்துத்தமும் விஷம். பிள்ளைகள் விரலை வாயில் வைப்பார்கள். இந்த நான்கும் உன் வகுப்புக்குள் வரவே கூடாது.

அரைப்பதற்குக் கண்ணாடிக் கடையில் 10 மில்லிமீட்டர் கனத்தில் வெட்டித் துண்டு கேள். ஓரத்தைச் சாணை பிடித்துத் தரச் சொல். பொடியும் பிசின் நீரும் சம அளவு. தட்டையான அடி உள்ள கனத்த கண்ணாடித் தம்ளரால் வட்டமாக, நறநறப்புப் போகும்வரை அரை. கறுப்புக்கு எடுக்கும் விளக்குக் கரி மட்டும் தண்ணீரில் சேராமல் மேலேயே மிதக்கும். அதை முதலில் கொஞ்சம் பிசினோடு கெட்டியாகக் குழைத்துவிட்டு அப்புறம் தண்ணீர் விடு. தாளில் தீற்றிக் காயவைத்து விரலால் தேய்த்துப் பார். நிறம் விரலுக்கு வந்தால் பிசின் குறைவு. பளபளத்து விரிசல் விட்டால் பிசின் அதிகம். காவிக்குச் சரியாக இருந்த அளவு நீலத்துக்குச் சரியாக இருக்காது, ஒவ்வொன்றுக்கும் தனியாகத் தீற்றிப் பார்க்கத்தான் வேண்டும். கிளிஞ்சலிலோ பாட்டில் மூடியிலோ இரண்டு தடவையாக ஊற்று. ஒரேயடியாக நிரப்பினால் நடுவில் பிளக்கும்.

தாளுக்கு அச்சகத்தில் மேப்லித்தோ என்ற பூச்சில்லாத தாளின் வெட்டுத்துண்டு கேள். ஆர்ட் பேப்பர் வழவழவென்று இருக்கும், நிறத்தைக் குடிக்காது.

முதல் வாரத்துக்குக் கரிக்குச்சி போதும். பென்சில் கனத்துப் புளியங்குச்சிகளைப் பட்டை சீவிக் காயவைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் நெருக்கி அடுக்கு. மூடியில் ஆணியால் ஒரே ஓட்டை போடு. ஓட்டை இல்லாவிட்டால் டப்பா வெடிக்கும். தீயில் வைத்ததும் ஓட்டை வழியாகப் புகை வரும், சில சமயம் தீ பிடித்தும் எரியும். அது நின்றதும் இறக்கி, ஓட்டையை ஈர மண்ணால் அடை. மறுநாள்தான் திறக்க வேண்டும், சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுச் சாம்பலாகிவிடும். நடுவில் பழுப்பாக இருக்கும் குச்சி வேகாதது, தாளைக் கீறும்.

பதினைந்து பிள்ளைகள் வந்தால் மூன்று பேருக்கு ஒரு நிறம் என்று பிரித்துக் கொடு. எல்லாரும் எல்லாம் அரைத்தால் எதுவும் முடியாது. அரைத்ததை மற்ற குழுக்களுக்குப் பங்கு வைக்கட்டும். நீ கையில் தூரிகை எடுத்து அவர்கள் தாளில் திருத்தாதே; பக்கத்தில் உன் தாளை வைத்து வரைந்து காட்டு, போதும்.

அரைக் கிலோ கருவேலம் பிசினும், கழுவிக் காயவைத்த செம்மண்ணும் மாட்டுத்தாவணியிலிருந்து பஸ் பார்சலில் அனுப்புகிறேன். கண்ணாடித் துண்டை மட்டும் அங்கேயே வாங்கிக்கொள், வழியில் உடைந்துவிடும்.

அன்புடன்
அம்மா